ஆதி சபையைத் தேடி: கிறிஸ்துவின் சபைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஆராதனைக்குப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் குடும்பங்களில் பெண் கொடுத்து பெண் எடுக்கிறவர்கள், வேறு சபைகளிலிருந்து வந்து வேதத்தைத் திறந்து வைத்து வாதாடுகிறவர்கள் என எல்லோரும் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் இந்தச் சபைக்குள் வாழும் ஒருவருடையவை. எங்களுக்குத் தலைமையகம் கிடையாது, ஆகவே எல்லாச் சபைகளின் சார்பிலும் பேச யாருக்கும் அதிகாரம் இல்லை. வேறுபாடு இருக்கும் இடங்களில் இருக்கிறது என்றே சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் எந்தச் சபைப்பிரிவைச் சேர்ந்தவர்கள்?

எந்தப் பிரிவையும் சேராமல் கிறிஸ்தவர்களாக மட்டும் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. பெயர்ப்பலகையில் ‘கிறிஸ்துவின் சபை’ என்று எழுதுவதும் அதனால்தான். ரோமர் 16:16-ல் பவுல் பயன்படுத்தும் சொல் அது. லூத்தர், கால்வின் போன்ற சீர்திருத்தக்காரர்கள் தங்கள் காலத்துச் சபையைத் திருத்த முயன்றார்கள். எங்கள் முன்னோர் அதற்கும் பின்னால் போனார்கள். இடையில் சேர்ந்த பிரமாணங்கள், பட்டங்கள், சடங்குகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, புதிய ஏற்பாட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அப்போஸ்தலர் காலத்துச் சபையை மறுபடியும் நிலைநாட்ட முடியும் என்று நம்பினார்கள்.

வரலாற்றாசிரியர்கள் எங்களை ஸ்டோன்-கேம்பல் இயக்கம் என்பார்கள். 200 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறும், எங்களுக்கென்று பேச்சு வழக்கும், பத்திரிகைகளும், கல்லூரிகளும் இருக்கும்போது வெளியிலிருந்து பார்க்கிறவர் எங்களையும் ஒரு பிரிவு என்று எண்ணினால் அவர்மேல் கோபித்துக்கொள்ள நியாயமில்லை.

யார் ஆரம்பித்தது?

இயேசுவே சபையை ஸ்தாபித்தார் என்று சிலர் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். விசுவாசத்தின்படி அது சரி. ஆனால் கேட்கிறவர் வரலாற்றைக் கேட்கிறார், அதை மறைக்கக் கூடாது.

இரண்டு ஓடைகள். ஒன்று கென்டகியில். பார்ட்டன் ஸ்டோன் என்ற பிரஸ்பிட்டேரியன் ஊழியர் இருந்த கேன் ரிட்ஜில் 1801 ஆகஸ்டில் பல்லாயிரம் பேர் கூடிய எழுப்புதல் கூட்டம் நடந்தது. பல சபைப்பிரிவுகளின் ஊழியர்கள் அங்கே ஒரே நேரத்தில் பிரசங்கித்தார்கள். அதைப் பார்த்த பிறகு ஸ்டோனுக்கும் அவரோடிருந்தவர்களுக்கும் பிரிவுச் சுவர்கள் பொருளற்றுப் போயின. 1804 ஜூன் 28-ல் தாங்களே உண்டாக்கியிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு பிரஸ்பிட்டரி என்ற சபை ஆளுகைக் குழுவைக் கலைத்தார்கள். அந்தக் கலைப்பை ஒரு மரண சாசனம் போலவே எழுதினார்கள்: இந்த அமைப்பு சாகட்டும், கிறிஸ்துவின் சரீரத்தோடு ஒன்றாய்க் கலந்துபோகட்டும் என்று. ஒரு சபை அமைப்பு தன் முடிவைத் தானே எழுதிக் கையெழுத்திட்டதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

மற்றொன்று பென்சில்வேனியாவில். வட அயர்லாந்திலிருந்து 1807-ல் வந்த தாமஸ் கேம்பல், பிரஸ்பிட்டேரியன்களுக்குள்ளேயே பிரிந்துபோன ஒரு குழுவின் ஊழியர். தன் குழுவைச் சேராதவர்களையும் கர்த்தருடைய பந்திக்கு அழைத்தார் என்று அவர்மேல் குற்றச்சாட்டு வந்தது. 1809-ல் அவர் கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஒரு நீண்ட அறிக்கையை வெளியிட்டார். ‘வேதம் பேசும் இடத்தில் பேசுவோம், வேதம் மௌனமாக இருக்கும் இடத்தில் மௌனமாக இருப்போம்’ என்பது அவர் தந்த வாக்கியம். இன்றும் எங்கள் பிரசங்கங்களில் அதைக் கேட்கலாம்.

அதே ஆண்டில் அவருடைய மகன் அலெக்ஸாண்டர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே மூப்பர்கள் பரிசோதித்துத் தகுதியுள்ளவர் என்று ஒரு உலோக வில்லை கொடுத்தால்தான் பந்தியில் உட்கார முடியும். அலெக்ஸாண்டருக்கும் கொடுத்தார்கள். தட்டு அவரிடம் வந்தபோது வில்லையைப் போட்டுவிட்டு, அப்பத்தையும் ரசத்தையும் எடுக்காமல் எழுந்து போய்விட்டார். தகப்பன் ஒரு கண்டத்தில், மகன் ஒரு கண்டத்தில், கடிதம் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும் காலம். இருவருமே யாரைப் பந்தியிலிருந்து தள்ளுவது என்ற ஒரே விஷயத்தில்தான் தங்கள் சபையோடு முறித்தார்கள்.

1832 ஜனவரி 1 அன்று கென்டகியின் லெக்ஸிங்டனில் ஸ்டோன், கேம்பல் ஆகிய இரு தரப்பு மக்களும் கைகோத்தார்கள்.

மார்மன்களும் யெகோவாவின் சாட்சிகளும் இதையே சொல்கிறார்களே?

சபை தன் ஆதி நிலையை இழந்தது, அது திரும்ப வர வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கும் உண்டு. சில வேர்கள் பின்னியும் இருக்கின்றன. மார்மன் இயக்கத்தின் ஆரம்பத் தலைவர்களில் ஒருவரான சிட்னி ரிக்டன், 1830-ல் அங்கே போவதற்குமுன் கேம்பலோடு இருந்த பிரசங்கியார். கிறிஸ்டடெல்ஃபியன் குழுவைத் தொடங்கிய ஜான் தாமஸும் அப்படியே.

வித்தியாசம் பெரிது. புதிய தீர்க்கதரிசியையோ வேதத்தோடு சேர்க்கும் இன்னொரு புத்தகத்தையோ நாங்கள் ஏற்பதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகியோரைத் தேவன் என்று அறிக்கையிடுகிறோம். உலகம் முடியும் நாளைக் கணக்குப் போடுவதில்லை.

விசுவாசப் பிரமாணம் சொல்ல மாட்டீர்களா?

ஆராதனையில் சொல்வதில்லை. அப்போஸ்தலர் பிரமாணத்தில் உள்ளவற்றை நாங்கள் விசுவாசிக்கிறோம். ஆனால் மனிதர் எழுதிய எந்த வாசகத்தையும் ஐக்கியத்துக்கு நிபந்தனையாக வைக்க மாட்டோம். ‘இயேசு தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து’ என்று வாயால் அறிக்கையிட்டால் போதும். எழுதப்படாத பிரமாணங்கள் எங்களுக்குள்ளும் உருவாகிவிட்டன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

குழந்தைகளுக்கு ஏன் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை?

விசுவாசித்து மனந்திரும்பக்கூடியவருக்கே ஞானஸ்நானம் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் காண்கிறோம். அலெக்ஸாண்டர் கேம்பல் இதைப் படித்ததே தனக்கு முதல் குழந்தை பிறந்தபோதுதான். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று ஆராயப் போய், தான் பெற்றதே செல்லுமா என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தார். 1812 ஜூன் 12-ல் பஃபலோ ஓடையில் அவரும் மனைவியும் பெற்றோரும் இன்னும் சிலரும் ஒரு பாப்டிஸ்டு ஊழியர் கையால் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். மனமாற்ற அனுபவத்தை விவரித்துச் சாட்சி சொல்வது பாப்டிஸ்டு வழக்கம். கேம்பல் அதற்கு உடன்படவில்லை, விசுவாச அறிக்கை மட்டும் போதும் என்றார். இன்றும் எங்களிடம் அப்படித்தான்.

தெளிப்பதையோ ஊற்றுவதையோ ஏற்காததற்குக் காரணம் ரோமர் 6. அங்கே ஞானஸ்நானம் அடக்கம்பண்ணப்படுதலாகவும் உயிர்த்தெழுதலாகவும் சொல்லப்படுகிறது. நெற்றியில் நாலு துளி பட்டால் அந்த அடையாளம் தெரிவதில்லை.

அப்படியானால் தண்ணீர்தான் இரட்சிக்கிறதா?

இல்லை. இரட்சிக்கிறவர் கிறிஸ்து. ஆனால் எங்களைச் சுற்றியுள்ள பல சபைகள், ஏற்கெனவே இரட்சிக்கப்பட்டதற்கு வெளிப்படையான அடையாளம்தான் ஞானஸ்நானம் என்று போதிக்கின்றன. நாங்கள் அப்போஸ்தலர் 2:38-ஐ அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ‘என்ன செய்யவேண்டும்’ என்று ஜனங்கள் கேட்டபோது, பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றே பேதுரு சொன்னார். பெறுகிறவர் அங்கே எதையும் சம்பாதிப்பதில்லை. ஒருவர் கைகளில் தன்னை ஒப்புக்கொடுத்துத் தண்ணீருக்குள் சாய்கிறார், அவ்வளவுதான்.

வால்டர் ஸ்காட் என்ற சுவிசேஷகர் 1827 முதல் ஒஹாயோவில் இதைச் சிறுபிள்ளைகளிடம் ஐந்து விரல்களில் எண்ணிக் காட்டினார்: விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பாவமன்னிப்பு, பரிசுத்த ஆவியின் வரம். கையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், அப்பா அம்மாவிடம் விரித்துக் காட்டிச் சொல்லுங்கள், இன்றிரவு பிரசங்கம் உண்டு என்றும் சொல்லுங்கள் என்பார். பிள்ளைகள்தான் அவருக்கு விளம்பரப் பலகை.

இந்த நம்பிக்கையின் விளைவை எங்கள் சபைகளில் நேரில் பார்க்கலாம். யாராவது தீர்மானம் எடுத்தால் தேதி குறிப்பதில்லை, ஞாயிறு வரை காத்திருப்பதும் இல்லை. பிலிப்பி சிறைச்சாலைக்காரன் நடுராத்திரியில் பெற்றதுபோல, வேதபாடம் இரவு பத்து மணிக்கு முடிந்தாலும் தொட்டியில் தண்ணீர் நிரப்ப ஆள் ஓடும். தொலைபேசியில் செய்தி கேட்டு நாலைந்து குடும்பங்கள் வந்துவிடுவார்கள். தண்ணீரிலிருந்து எழுந்தவர் தலை துவட்டுவதற்குள் யாராவது பாட்டை ஆரம்பித்திருப்பார்கள்.

ஞாயிறு ஆராதனையில் என்ன நடக்கும்?

பாட்டு, ஜெபம், வேத வாசிப்பும் பிரசங்கமும், கர்த்தருடைய பந்தி, காணிக்கை. இந்த ஐந்துக்கு மேல் எதையும் தேடாதீர்கள். மெழுகுவர்த்தி, அங்கி, அச்சடித்த ஆராதனை முறை எதுவும் இருக்காது. பிரசங்கியாரும் உங்களைப்போலவே உடுத்தியிருப்பார். அவரைச் சகோதரர் என்றே கூப்பிடுங்கள், ‘ரெவரெண்டு’ என்றால் அவரே திருத்துவார்.

பெரும்பாலான சபைகளில் இசைக்கருவி இருக்காது. அதற்குத் தனிக் கேள்வி கீழே உண்டு.

ஒவ்வொரு வாரமும் திருவிருந்தா? அதன் மதிப்பு குறைந்துவிடாதா?

இதை என்னிடம் அதிகம் கேட்கிறவர்கள் மாதம் ஒருமுறை திருவிருந்து எடுக்கும் சபைகளிலிருந்து வருகிறவர்கள். அப்போஸ்தலர் 20:7-ல் வாரத்தின் முதல்நாளில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடினார்கள். பிரசங்கம் கேட்கக் கூடினார்கள் என்று அங்கே எழுதவில்லை. பிரசங்கம் அன்று சுமாராகப் போகலாம், பாட்டு சுருதி விலகலாம், பந்தி இருந்தால் வந்த காரியம் நடந்தது.

புளிப்பில்லாத மெல்லிய அப்பம் தட்டில் வரிசை வரிசையாகக் கடந்துவரும். ஆளுக்கு ஒரு துண்டு பிட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார்கள். பிறகு சிறு கிண்ணங்கள் அடுக்கிய தட்டில் திராட்சரசம். பரிமாறுகிறவர் குருவானவர் இல்லை, காலையில் கடையைப் பூட்டிவிட்டு வந்த ஒரு சகோதரராக இருப்பார். பந்திக்கு ஜெபிப்பதற்கும் பட்டம் தேவையில்லை. கை நடுங்கும் பாட்டிக்குப் பேரன் தட்டைப் பிடித்துக்கொள்வான். பேச்சே இருக்காது. அதன் மதிப்பு குறைகிறதா என்று கேட்டால், வேறு எதையும் நான் வாரம் தவறாமல் இத்தனை ஆண்டுகள் செய்ததில்லை, அது இல்லாத ஞாயிறு எனக்கு ஞாயிறாகவே தோன்றாது.

வேறு சபையினர் பங்குபெறலாமா என்றால், பெரும்பாலான சபைகளில் யாரும் உங்களை அழைக்கவும் மாட்டார்கள், தடுக்கவும் மாட்டார்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து பங்குபெற வேண்டும் என்கிறார் பவுல். சோதிக்கும் வேலையை அவர் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கவில்லை.

இசைக்கருவிகளை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

புதிய ஏற்பாட்டில் சபை பாடியது என்று இருக்கிறது (எபேசியர் 5:19, கொலோசெயர் 3:16), வாசித்தது என்று இல்லை. வேதத்தின் மௌனம் அனுமதியா, தடையா? எங்கள் தரப்பு தடை என்று படித்தது. அதே இயக்கத்தில் பிறந்த மற்றவர்கள் அனுமதி என்று படித்தார்கள். கென்டகியின் மிட்வே சபையில் 1860-ஐ ஒட்டி மெலோடியன் என்ற சிறிய ஆர்கனை வைத்தபோது அந்தச் சண்டை வெளியே வந்தது. வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம், சபையார் பாடியது கேட்கச் சகிக்கவில்லை என்பது.

என் கருத்தைக் கேட்டால், ஆர்மோனியம் வாசிக்கும் சகோதரனை நான் நரகத்துக்கு அனுப்ப மாட்டேன். ஆனால் கருவி இல்லாத பாட்டை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். பாட்டு நடத்துகிறவர் சிறிய சுருதிக் குழலை ஊதி ஒரு ஸ்வரம் தருவார், உடனே நான்கு குரல் பகுதிகளும் பிரிந்து எழும். அமெரிக்கச் சபைகளின் பாட்டுப் புத்தகங்களில் ஸ்வரங்கள் முக்கோணம், சதுரம், வைரம் என்று வடிவங்களில் அச்சடிக்கப்பட்டிருக்கும், இசை படிக்காத விவசாயியும் பார்த்த உடனே பாடுவதற்காக. மறைந்துகொள்ள வாத்தியச் சத்தம் இல்லாததால் சபையில் எல்லோருமே பாடியாக வேண்டும்.

தலைவர் யார்?

ஒவ்வொரு சபைக்கும் அதனதன் மூப்பர்கள், எப்போதும் ஒருவருக்கு மேல். மூப்பர், கண்காணி, மேய்ப்பர் எல்லாம் ஒரே பொறுப்பின் பெயர்கள். அவர்களுக்குத் துணையாக உதவிக்காரர்கள். பிஷப், மண்டலம், பேராயம் எதுவும் மேலே இல்லை. பிரசங்கியார் சபையின் அதிகாரி அல்ல.

இதன் நன்மை, தொலைவில் உள்ள ஒரு அலுவலகம் உங்கள் கட்டடத்தையோ ஊழியரையோ மாற்ற முடியாது. கெடுதலும் இருக்கிறது: ஒரு சபையில் மூப்பர் தவறாக நடந்தால் முறையிட வேறு இடம் இல்லை. இதை நாங்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்றே நினைக்கிறேன்.

பெண்கள் பிரசங்கிக்கலாமா?

பெரும்பாலான சபைகளில் பொது ஆராதனையை ஆண்களே நடத்துகிறார்கள். 1 தீமோத்தேயு 2-ஐயும் 1 கொரிந்தியர் 14-ஐயும் காட்டுகிறார்கள். சில சபைகள் மறுபடி படித்து மாற்றியிருக்கின்றன. எங்கள் இயக்கத்தின் இன்னொரு கிளையான டிசைப்பிள்ஸ் ஆஃப் கிறைஸ்ட் பெண்களை ஊழியத்துக்கு அபிஷேகம் செய்கிறது. இந்தக் கேள்வி எங்களிடம் முடியவில்லை.

தசமபாகம் கட்டாயமா?

கட்டாயமில்லை. 1 கொரிந்தியர் 16-ன்படி வாரத்தின் முதல்நாளில் அவரவர் வரவுக்குத் தக்கது. எவ்வளவு போட்டீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் கொண்டாடுவீர்களா?

குடும்பமாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. சபையாக விசேஷ ஆராதனை வைப்பதைப் பலர் தவிர்ப்பார்கள், அப்போஸ்தலர் அந்த நாளைக் கட்டளையிடவில்லை என்பதால்.

ஒற்றுமைக்காகத் தொடங்கிய நீங்கள் ஏன் இத்தனை துண்டானீர்கள்?

கேட்க வேண்டிய கேள்விதான். இன்று மூன்று பெரிய கிளைகள் உண்டு: டிசைப்பிள்ஸ் ஆஃப் கிறைஸ்ட், சுயாதீனக் கிறிஸ்தவ சபைகள், கிறிஸ்துவின் சபைகள். எங்களுக்குள்ளும் பந்தியில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் குடிக்கிறவர்கள், ஞாயிறு பள்ளி வைக்காதவர்கள், அநாதை இல்லத்துக்குச் சபைக் காணிக்கையிலிருந்து கொடுக்கலாமா என்று 1950-களில் பிரிந்தவர்கள் என்று உள்பிரிவுகள்.

முதல் பெரிய பிளவுக்கு இரண்டு காரணம் சொல்வார்கள்: 1849-ல் சின்சினாட்டியில் தொடங்கிய மிஷனெரி சங்கம், பிறகு இசைக்கருவி. சபைக்கு வெளியே ஒரு சங்கம் எதற்கு என்று ஒரு தரப்பு கேட்டது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. நடுவில் அமெரிக்க உள்நாட்டுப் போர் இருந்தது. 1863-ல் அந்தச் சங்கம் வடக்கு அரசுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. நாஷ்வில்லில் இருந்த டேவிட் லிப்ஸ்கம்ப், கிறிஸ்தவன் எந்த அரசின் போரிலும் வாள் எடுக்கக் கூடாது என்று போதித்தவர். அந்தத் தீர்மானம் அவரைப் போன்றவர்களை ஆழமாகக் காயப்படுத்தியது. போரில் அழிந்துபோன தெற்கு, வளமான வடக்கின் சபைகள் ஆர்கன் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1906 அமெரிக்க மதக் கணக்கெடுப்பு கிறிஸ்துவின் சபைகளை முதன்முறையாகத் தனியாகக் காட்டியபோது, அதில் பெரும்பங்கினர் தென்மாநிலத்தவர். வேதவசனத்தை வைத்து நடந்த சண்டையில் வறுமையும் போரின் கசப்பும் இருந்தன என்பதை எங்கள் பிரசங்க மேடைகள் நெடுங்காலம் சொல்லவே இல்லை.

நிறவெறியும் அப்படியே. மார்ஷல் கீபிள் என்ற கறுப்பினப் பிரசங்கியார் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், வெள்ளையர் அவருடைய கூட்டங்களுக்குப் பணம் கொடுத்தார்கள், கயிறு கட்டிப் பிரித்த மறுபக்கத்தில் உட்கார்ந்தும் கேட்டார்கள். ஆனால் சபைக் கல்லூரிகளின் கதவு கறுப்பின மாணவர்களுக்கு 1960-கள் வரை பெரும்பாலும் மூடியே இருந்தது. அபிலீன் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் தலைவர் 1999-ல் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆதி சபையில் யூதனும் கிரேக்கனும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததை மீட்காமல், ஆராதனையின் ஐந்து அம்சங்களை மட்டும் மீட்டால் ஆதி சபையை மீட்டதாகாது. இதைத்தான் நான் எங்கள் இளைஞர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உங்களில் ஒரு குழு ஆட்களைக் கட்டுப்படுத்துகிறதாமே?

1979-ல் பாஸ்டன் பக்கத்தில் கிப் மெக்கீன் தொடங்கி வைத்த இயக்கத்தைத்தான் சொல்கிறார்கள். பின்னாளில் சர்வதேச கிறிஸ்துவின் சபைகள் என்று தனியானது. ஒவ்வொரு விசுவாசிக்கும் மேலே ஒரு சீஷத்துவ வழிகாட்டி இருப்பார், அவரிடம் வாழ்க்கையின் தனிப்பட்ட தீர்மானங்களுக்கும் ஆலோசனை கேட்க வேண்டும் என்பது பலரைப் புண்படுத்தியது. 2000-களின் தொடக்கத்தில் மெக்கீன் பொறுப்பிலிருந்து விலகினார், உள்ளிருந்தே கடும் விமர்சனம் எழுந்து பல பழைய முறைகள் கைவிடப்பட்டன. எந்தச் சபையானாலும் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் சம்பளம், கல்யாணம், குடும்ப உறவு பற்றி ஒருவர் உத்தரவு போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மற்றச் சபையார் பரலோகம் போக மாட்டார்களா?

ஆம், போக மாட்டார்கள் என்று சொல்லும் சகோதரர்கள் எங்களில் உண்டு. மறைக்க மாட்டேன். ஆனால் 1837-ல் லூனன்பர்க் என்ற ஊரிலிருந்து ஒரு சகோதரி இதே கேள்வியைக் கடிதத்தில் கேட்டபோது, எல்லாப் பிரிவுகளிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் அலெக்ஸாண்டர் கேம்பல் பதில் எழுதினார். அப்போதே அவருக்கு எதிர்ப்பு வந்தது. ‘நாங்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமே, ஆனால் நாங்கள் மட்டுமே கிறிஸ்தவர்கள் அல்ல’ என்பது இயக்கத்தின் பழைய வாக்கியம். நான் அதன் பக்கம்.

ஞாயிறு தவிர மற்ற நாட்களில்?

வார நடுவில் ஒரு வேதபாடம். அதைவிட முக்கியமானது எந்த அட்டவணையிலும் இருக்காது. ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் யார் இரவில் துணைக்கு இருப்பது, யார் சாப்பாடு கொண்டுபோவது என்பது வாசலில் நின்றபடியே முடிவாகிவிடும். வேலை இழந்தவருடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை மூப்பர்கள் சத்தமில்லாமல் கட்டிவிடுவார்கள். சபை சிறியதானால் ஒருவர் வராத ஞாயிறு எல்லோருக்கும் தெரியும், மாலைக்குள் யாராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சிலருக்கு இது மூச்சு முட்டும். தனிமையில் இருந்து வந்தவர்களுக்கு இதுதான் பிடித்துக்கொள்ளும்.

முதல்முறை வர நினைக்கிறேன். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

சாதாரண உடை போதும். வேதாகமம் இருந்தால் எடுத்து வாருங்கள், பிரசங்கியார் வசனம் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் பக்கம் திருப்புவார்கள். காணிக்கைத் தட்டு வந்தால் அப்படியே அடுத்தவரிடம் கொடுங்கள். முடிவில் ஒரு அழைப்புப் பாட்டு பாடுவார்கள். ஞானஸ்நானம் பெற விரும்புகிறவரோ ஜெபம் கேட்கிறவரோ முன்னால் போவார். நீங்கள் இருந்த இடத்திலேயே நின்று பாடலாம். பிரசங்கத்தில் ஒப்புக்கொள்ள முடியாதது இருந்தால் ஆராதனை முடிந்ததும் நேரே பிரசங்கியாரிடம் போய், வசனம் எங்கே என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எங்களில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.